மர்மமா, திகிலா: அடுத்து எந்தப் புத்தகத்தை எடுப்பது?

மர்மக் கதையும் திகில் கதையும் விரும்பிப் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி, "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். ஒருவர் அகதா கிறிஸ்டியை வரிசையாகப் படித்துவருவதாகச் சொல்வார். இன்னொருவர் கையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு இருக்கும். மூன்றாமவர் ஸ்டீபன் கிங்கின் ஆயிரம் பக்க நாவலில் பாதி தாண்டியிருப்பார். ஒருவர் சுஜாதாவை மறுபடியும் எடுத்திருப்பார். ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதையே மனதாரச் சிபாரிசு செய்வார். கேட்டுக்கொண்டிருப்பவர்தான் எதை எடுப்பது என்று புரியாமல் நிற்பார்.

அப்படி நிற்கிறவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. வேலை, குடும்பம் என்று சில ஆண்டுகள் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். பொருந்தாத ஒன்றில் தொடங்கி, நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, தனக்கு இனி வாசிப்பே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதில் எனக்கு உண்மையான அக்கறை இருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

எது சிறந்த நாவல் என்ற கேள்வியை ஒதுக்கிவைக்கிறேன். கீழே வருகிற எல்லாமே நல்ல எழுத்துதான். தேர்வுக்கு உதவுகிற கேள்விகள் வேறு.

முதலாவது, விடை. மர்மக் கதை தான் கிளப்பிய பயத்தைக் கடைசியில் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. யார், எப்படி, ஏன் என்று சொல்லிவிடுகிறது. திகில் கதை அந்தப் பயத்தை வாசகரிடமே விட்டுவிட்டுப் போகிறது. மற்ற எல்லா வேறுபாட்டையும்விட இதுவே பெரியது என்பது என் கருத்து. நாள் முழுக்கத் தீராத பிரச்சினைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு ஒரு விடையாவது கைக்கு வர வேண்டும். வாழ்க்கை ஓரளவு ஒழுங்காக ஓடும் காலத்தில்தான் விடையில்லாத கதையைத் தாங்கும் மனம் வாய்க்கிறது.

இரண்டாவது, விட்டு விட்டுப் படித்தால் தாங்குமா என்பது. பஸ்ஸில் இருபது நிமிடம், தூங்கும் முன் பத்து நிமிடம் என்று படிக்கிறவருக்கு உகந்தது வேறு; ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் ஒதுக்க முடிகிறவருக்கு உகந்தது வேறு.

மூன்றாவது, முடிவு முன்பே தெரிந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது. புகழ்பெற்ற மர்மக் கதைகளின் முடிவு எங்காவது காதில் விழுந்துவிடுகிறது.

நான்காவது, மொழி. ஆங்கிலம் தடையின்றிப் படிக்கிறவர்களுக்குக்கூடத் தாய்மொழியில் வரும் பயம் வேறு வகை. பழக்கமான சமையலறையில், பழக்கமான வாடையோடு அது வருகிறது.

விலையையும் பார்க்க வேண்டும்தான். ஆனால் புத்தகத்தின் விலையைவிட, அட்டையில் எழுதியிராத செலவுகளே வாசகரைப் பாதியில் நிறுத்துகின்றன. அவற்றை ஒவ்வொரு வகையிலும் சொல்கிறேன்.

## கிறிஸ்டியின் வழி

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்தில் மர்மக் கதை ஒரு நேர்மையான ஆட்டமாக உருவெடுத்தது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் அதற்குப் பத்து விதிகள் எழுதினார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது, அவர் கண்ட தடயங்களை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. அடுத்த ஆண்டு லண்டனில் மர்மக் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியது. விதிகளை மீறிய எழுத்தாளர்களும் உண்டு. ஆனால் வாசகரை ஏமாற்றலாம், அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிடம் ஊறிப்போயிருந்தது.

தொடங்குவதற்கு நான் சொல்வது 1939இல் வந்த கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்'. இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால் ஒரு தீவு. அங்கே பத்துப் பேர். முதல் நாள் இரவு உணவுக்குப் பிறகு ஒரு கிராமபோன் தட்டு சுழல்கிறது. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, அவர் காரணமாக நிகழ்ந்த சாவைச் சொல்கிறது. உணவு மேசையில் பத்துச் சின்னப் பொம்மைகள் இருக்கின்றன. ஒவ்வொருவர் சாகும்போதும் ஒரு பொம்மை குறைகிறது. புதிரை அவிழ்த்துத் தரும் துப்பறிபவர் யாரும் தீவில் இல்லை. அதனால்தான் இந்த நாவல் மர்மத்துக்கும் திகிலுக்கும் நடுவில் நிற்கிறது: உயிரோடு இருப்பவர்களைப் போலவே நாமும் பொம்மைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

அத்தியாயங்கள் சின்னச் சின்னப் பகுதிகளாக உடைந்திருப்பதால் விட்டு விட்டுப் படிக்கத் தாங்கும். ஆங்கிலமும் எளிது, அகராதி தேடும் வேலை குறைவு. விடை முழுமையாகக் கிடைக்கிறது.

செலவு இரண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய மேல்தட்டினரின் இன, வர்க்க மனோபாவம் இந்த நாவல்களில் ஆங்காங்கே தலைகாட்டும். இதே நாவல் இங்கிலாந்தில் முதலில் வெளியானபோது வைத்த தலைப்பு இன்று அச்சிட முடியாத இனவசை. பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறியிருப்பதற்கும் அதுவே காரணம். இரண்டாவது செலவு, முடிவு தெரிந்துவிடும் ஆபத்து. 1926இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' நாவலின் முடிவை யாரோ ஒருவர் ஒரு வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட முடியும். அதற்குள் நீங்கள் படித்துவிடுவது நல்லது.

## ஜப்பானியப் புதிர்

இப்போது வாசகர் வட்டங்களில் அதிகம் அடிபடுவது இந்த வகைதான். நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

இங்கிலாந்தில் விதிகளோடு ஆடிய ஆட்டத்தை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையாக்கினார்கள். செய்ஷி யோகோமிசோ எழுதிய 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' 1946இல் தொடராக வந்து, 1948இல் ஜப்பானிய மர்ம எழுத்தாளர் சங்கத்தின் முதல் விருதைப் பெற்றது. ஆங்கிலத்துக்கு அது 2019இல்தான் வந்து சேர்ந்தது. கதை நடப்பது 1937ஆம் ஆண்டு, ஒகாயாமா பகுதியில் ஒரு கிராமம், ஒரு பழைய பெரிய குடும்பம். மூத்த மகனுக்குத் திருமணம் நடந்த இரவு. விடிவதற்கு முன் அலறல் கேட்கிறது. கூடவே கோட்டோ என்ற தந்திக் கருவியை யாரோ வெறிபிடித்து மீட்டுகிற ஒலி. மணமக்கள் தங்கிய தனிக்கட்டடத்தைச் சுற்றிலும் பனி. பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. தோட்டத்தில் ஒரு வாள் மட்டும் குத்திட்டு நிற்கிறது.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைப்பது புதிர் மட்டும் அல்ல. குடும்ப கௌரவம், சம்பந்தம் பேசுவதில் இருக்கும் அந்தஸ்துப் போட்டி, பெண்ணின் கடந்தகாலம் பற்றிய ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த வீட்டுக்குள் மூச்சுமுட்ட நிரம்பியிருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம் ஊர் வாசகருக்கு அந்த வீட்டைப் புரிந்துகொள்ள எந்த அடிக்குறிப்பும் தேவைப்படாது.

சோஜி ஷிமாடாவின் 'தி டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்' 1981இல் வந்தது. 1936இல் நடந்த கொலைகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு சோதிடர் அவிழ்க்கப் பார்க்கிறார். நடுவில் ஆசிரியரே கதையை நிறுத்தி, தேவையான தடயங்கள் எல்லாம் தந்தாகிவிட்டன, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகரை அழைக்கிறார். 1987இல் யுகிடோ அயட்சுஜியின் 'தி டெகாகன் ஹவுஸ் மர்டர்ஸ்' வந்தது: பல்கலைக்கழக மர்மக் கதை மன்றத்தைச் சேர்ந்த மாணவர்கள், ஒரு தீவு, பத்துப் பக்கச் சுவர் கொண்ட வீடு. மாணவர்கள் ஒருவரையொருவர் எல்லரி, கார், அகதா என்று மேலைநாட்டு எழுத்தாளர் பெயர்களாலேயே அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வகையின் செலவு அதிகம். அதைச் சொல்லாமல் சிபாரிசு செய்வது நியாயமில்லை. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு தாளில் குடும்ப வரைபடம் எழுதிக்கொள்ளாமல் 'ஹோன்ஜின்' படிப்பது கடினம். வீட்டின் தரைப்படம் கதைக்கு உயிர்நாடி. கைபேசியில் படித்தால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், நாலாவது தடவை சலித்துவிடும். இவற்றை அச்சுப் புத்தகமாகத்தான் வாங்க வேண்டும் என்பேன். பெரும்பாலும் இறக்குமதிப் பதிப்புகள் என்பதால் விலை கூடுதல். ஷிமாடாவின் நாவலில் உடல்களைத் துண்டாக்கும் விவரிப்பு வருகிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் தள்ளிவைக்கலாம். ஒரு வாரம் இடைவெளி விட்டால் தடயங்கள் மறந்துபோகும். தொடர்ந்து சில மாலைகள் கிடைக்கிறவருக்கே இது.

## பேய்ச் சிறுகதை: ஜேம்ஸும் புதுமைப்பித்தனும்

நேரம் இல்லை, ஆனால் நிஜமாகப் பயப்பட வேண்டும் என்கிறவருக்குச் சிறுகதையை மிஞ்சியது எதுவும் இல்லை. ஒரே அமர்வில் முடிகிறது. பயம் கலைவதற்குள் கதை முடிந்துவிடுவதால், அது கலைவதே இல்லை.

எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த அறிஞர். பழங்கால ஏடுகளில் ஊறியவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காகக் கதைகள் எழுதினார். முதல் தொகுப்பு 1904இல் வந்தது. அதில் ஒரு பேராசிரியர் கடற்கரைச் சிதைவுகளில் ஒரு பழைய விசிலைக் கண்டெடுக்கிறார், ஊதிப் பார்க்கிறார். விடுதியில் அவருக்குத் தந்த அறையில் இரண்டு கட்டில்கள். அவர் படுப்பது ஒன்றில்தான். அந்த இரண்டாவது கட்டிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இந்தத் தொகுப்பு காப்புரிமை கடந்தது. குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செலவு மொழிதான்: லத்தீன் மேற்கோள்கள், தேவாலயக் கட்டட விவரங்கள், மெதுவான முதல் பக்கங்கள். அந்த மெதுவில்தான் பயம் சேர்கிறது என்பதைப் பொறுமை இருப்பவர் கண்டுகொள்வார்.

தமிழில் இந்த இடத்தில் நிற்பது 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. ஓர் எழுத்தாளரும் அவர் மனைவியும் வாழும் வீடு. தூக்கம் பிடிக்காத இரவில் திடீரென்று பிணவாடை. பிறகு அதே இடத்தில் நறுமணம். பிச்சைக்கு வந்த ஒரு பெண்ணை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. கோட்டை இல்லை, கல்லறை இல்லை. வாசல், அடுக்களை, கூடம். வேலைக்காரியும் எஜமானியும் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்கும் கணவனின் நிலையில் நம்மை வைத்துவிடுகிறார். கதைசொல்லிக்கு நடந்ததா, தோன்றியதா என்பதைக் கடைசிவரை தீர்த்துவைப்பதில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் விடையின்மையை இவ்வளவு கச்சிதமாகக் கையாண்ட கதை வேறில்லை. 'பிரம்ம ராக்ஷஸ்', 'செவ்வாய் தோஷம்' ஆகியவற்றையும் தொடர்ந்து படிக்கலாம். அவர் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, எளிதில் கிடைக்கும்.

முடிவு தெரிந்தாலும் இந்தக் கதைகளுக்கு நட்டம் இல்லை. மறுபடி படிக்கும்போது பயம் முன்கூட்டியே தொடங்குகிறது, அவ்வளவுதான். விடை கேட்கிறவருக்கு மட்டும் இவை ஒத்துவரா, "பிறகு என்ன ஆயிற்று?" என்ற கேள்வியோடு எரிச்சல்தான் மிஞ்சும்.

## நாவல் அளவுத் திகில்

ஷர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' 1959இல் வந்தது. அமானுஷ்யத்தை ஆராய விரும்பும் ஒருவர், அவர் அழைப்பில் வரும் இரண்டு பெண்கள், வீட்டின் வாரிசு என்று நாலு பேர். அந்த வீட்டில் ஒரு மூலைகூடச் செங்கோணத்தில் இல்லை. ஒவ்வொரு சுவரும் இம்மியளவு தப்பி நிற்கிறது, திறந்து வைத்த கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. வருகிறவர்களில் எலினார் என்பவள் பதினோரு ஆண்டு நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு இளமையைத் தொலைத்தவள். வீடு அவளைத் தேர்ந்தெடுக்கிறதா, அவள் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறாளா? சிறிய நாவல், ஆனால் அவசரமாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. 2018இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டதால் கதை தெரியும் என்று நினைக்க வேண்டாம். அது ஏறக்குறைய வேறொரு கதை. வீட்டில் நோயாளிகளைக் கவனித்துக் களைத்திருக்கும் காலத்தில் இதை எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அவர் வாசகரைத் தானே இழுத்துக்கொள்வார். ஊரையும் மனிதர்களையும் நிதானமாகக் கட்டியெழுப்பிவிட்டுப் பிறகு குலைப்பது அவர் முறை. 1986இல் வந்த 'இட்' ஆயிரத்து நூறு பக்கத்தைத் தாண்டுகிறது. தொடக்கத்துக்கு அது வேண்டாம். 'சேலம்ஸ் லாட்' (1975), 'தி ஷைனிங்' (1977) இரண்டில் ஒன்று போதும். 'பெட் செமட்டரி' (1983) மட்டும் தனி எச்சரிக்கைக்கு உரியது: எழுதி முடித்த கிங்கே அது அளவுமீறிய இருட்டு என்று சிலகாலம் வெளியிடாமல் வைத்திருந்தார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவில் படிக்கத் தகுந்த நாவல் அல்ல அது.

## தமிழ்த் தொடர்களும் மாத நாவல்களும்

இந்த வகையைத் தாழ்வாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரப் பத்திரிகையில் தொடராக எழுதும்போது ஒவ்வொரு வாரமும் வாசகரை அடுத்த வாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கட்டாயம் கற்றுத்தந்த வேகம், நேரம் குறைந்த இன்றைய வாசகருக்குப் பெரிய கொடை.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்த நாவல். லீனா என்ற இளம்பெண்ணின் சொத்து விவகாரமாக வக்கீல் கணேஷும் அவருடைய ஜூனியர் வசந்தும் ஒரு பழைய பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே பேய் என்று சொல்லத்தக்க ஒன்றைப் பார்க்கிறார்கள். இது மனித வேலை என்று கணேஷ் வாதாடுகிறார்; வசந்த் அமானுஷ்யத்தின் பக்கம் சாய்கிறான். மர்மமா திகிலா என்று நாம் இங்கே கேட்கும் கேள்வியையே இரண்டு பாத்திரங்களாக்கி மோதவிட்டிருக்கிறார். எழுதப்பட்ட காலத்தில் வியப்பூட்டிய சில செய்திகள் இன்றைய வாசகருக்குப் பழகியவை. செலவு அது ஒன்றுதான்.

மாத நாவல் என்றால் ராஜேஷ்குமார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய கோவைக்காரர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கதைத் தடங்களை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடவிட்டுக் கடைசியில் இணைப்பது அவருக்கே உரிய உத்தி. கோவையிலிருந்து ஈரோடு போய்ச் சேர்வதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தரம் நாவலுக்கு நாவல் மாறும். மறுபடி படிக்கத் தோன்றுவது குறைவு. வாசிப்புப் பழக்கத்தை மீட்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## ஒரே பார்வையில்

| வகை | விடை | விட்டு விட்டுப் படிக்க | முடிவு தெரிந்தால் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கிறிஸ்டி | முழுமையாக | தாங்கும் | பெரும் இழப்பு | பழைய மனோபாவங்கள் |
| ஜப்பானியப் புதிர் | முழுமையாக, நுணுக்கமாக | தாங்காது | முழு இழப்பு | பெயர்கள், வரைபடம், விலை |
| பேய்ச் சிறுகதை | இல்லை | தேவையே இல்லை | இழப்பில்லை | ஜேம்ஸின் மொழி |
| ஜாக்சன் | இல்லை | சிரமம் | இழப்பு குறைவு | மனபாரம் |
| கிங் | ஓரளவு | தாங்கும் | இழப்பு குறைவு | பக்க அளவு, குழந்தைகளுக்கு நேரும் துன்பம் |
| தமிழ்த் தொடர், மாத நாவல் | முழுமையாக | மிக நன்றாக | பெரும் இழப்பு | சீரற்ற தரம் |

## யாருக்கு எது

வெகுநாள் கழித்துத் திரும்புகிறவர் மாத நாவல் ஒன்றில் தொடங்கி, அடுத்து 'கொலையுதிர் காலம்' எடுக்கட்டும். தினமும் ரயிலில் போய்வருகிறவருக்குக் கிறிஸ்டி. புதிரோடு மோதிப் பார்க்கும் ஆசையும் நாலைந்து ஓய்வான மாலைகளும் இருந்தால் யோகோமிசோ. இரவில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது, ஆனால் படித்தது மறுநாளும் கூடவே வர வேண்டும் என்றால் 'காஞ்சனை'. ஜாக்சனை மனம் திடமாக இருக்கும் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட விடுமுறைக்குக் கிங்.

வரிசையும் முக்கியம். 'ஆக்ராய்ட்' படித்த பிறகே 'ஹோன்ஜின்' படியுங்கள். ஜப்பானிய நாவலின் கடைசிப் பகுதியில் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. 'அண்ட் தென் தேர் வேர் நன்' முடிக்காமல் 'டெகாகன் ஹவுஸ்' வேண்டாம். முன்னதற்கு ஆசிரியர் செய்திருக்கும் மரியாதையில் பாதி புரியாமல் போகும். செவ்வியல் பதிப்பு எதை வாங்கினாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அறிஞர்கள் எழுதும் அந்த முன்னுரைகள் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தில் எழுதப்படுபவை. கொலையாளியின் பெயர் மூன்றாவது பத்தியிலேயே இருக்கலாம்.